நைலான் கம்பி கேட்ட சிஸ்டர்

கிடார் வாங்க வேண்டும், கூட வருகிறாயா என்று சிஸ்டர் கேட்டபோது, ஒரு பெரியவர் கொண்டுவந்திருந்த காலி பாட்டிலில் நான் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கட்டில் என்று காதில் விழுந்தது. கட்டிலென்றால் போளூரிலேயே வாங்கலாமே, மலைக்கு வரும் லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்றேன். அவர் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“கிடாரு தம்பி. நைலான் கம்பி போட்டது. நீ வாசிப்பன்னு சொன்னாங்க.”

பெரியவர் பாட்டிலை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. அவருக்கும் விஷயம் என்னவென்று தெரிய வேண்டியிருந்தது. யாருக்கு சிஸ்டர் என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றார் சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு ஊசி போடும் அறைக்குள் போய்விட்டார்.

அந்த ‘இருக்கட்டும்’ எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் பழகிய சொல். ஏன் என்று கேட்டாலும், எதற்கு என்று கேட்டாலும், இன்னாத்துக்கு என்று மலைக்காரர்கள் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது அது ஒன்றுதான். கோபமாகச் சொல்ல மாட்டார். கேட்டவர் ஏதோ பலகாரத் தட்டை நீட்டியது போலவும், வேண்டாமென்று அவர் மெல்லத் தள்ளிவிடுவது போலவும் இருக்கும்.

ஜவ்வாது மலைக்கு நான் மருந்தாளுநராக வந்த முதல் வாரத்திலேயே எனக்கும் அது கிடைத்தது. மருந்து அறையின் கீழ்த்தட்டு முழுவதையும் காலிசெய்து மேலே ஏற்றச் சொன்னார். ஏன் என்றேன். இருக்கட்டும் என்றார். புதிதாக வந்தவனை விரட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டே ஏற்றினேன். ஐப்பசி மழையில் பின்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து, அந்தத் தட்டு நனைந்தபோது எனக்குப் புரிந்தது. சரி, இவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று முடிவுகட்டினேன். அடுத்த மாதம், சுவர்க் கடிகாரத்தைக் கிழக்குச் சுவரிலிருந்து எடுத்து மேற்குச் சுவரில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அது மேற்குச் சுவரில்தான் ஓடியது. எதற்காக மாற்றினோம் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எந்தத் தண்ணீரும் கிழக்குச் சுவருக்கு வரவில்லை.

அதுதான் அவரிடம் இருந்த சிக்கல். சில சமயம் காரணம் இருக்கும், சில சமயம் இருக்காது. எது எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உயரமான உடம்பு. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டியிருப்பார். வேர்க்கடலை தின்றால், பொட்டலம் முழுவதையும் உரித்துக் கடைசிக் கடலை வரை ஒரு பேப்பரில் குவித்துவிட்டு, அப்புறம்தான் முதல் கடலையை வாயில் போடுவார். நடுவில் யாராவது எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் குவியலைப் பார்த்த பார்வை கொஞ்சம் வாடும். ஆரணிப் பக்கத்துக்காரர். கணவர் அங்கே தறி வைத்திருக்கிறார் என்று எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்வார். கணவரே கிடையாது என்று வார்டு துப்புரவு செய்யும் அக்கா சொல்வார். இரண்டு பேருமே அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர்கள்.

எங்களுடைய டாக்டர் மேடம் படித்து முடித்து நேராக மலைக்கு வந்தவர். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டே பழகியவர். அவருக்கு சிஸ்டரைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு முறை, வலி கண்டு வந்த கர்ப்பிணிப் பெண்ணைச் சோதித்துவிட்டு, இது பொய்வலி, வீட்டுக்குப் போகலாம் என்று மேடம் அனுப்பினார். பெண்ணின் மாமியார் மூட்டையைக் கட்டிவிட்டார். சிஸ்டர் வாசலில் போய் நின்றுகொண்டு, போக விடமாட்டேன் என்றார். ஊருக்கு இருந்தது ஒரே பஸ். அது போய்விட்டது. மாமியார் கத்தினார். மேடம் உள்ளே கூப்பிட்டு, எந்த அறிகுறியைப் பார்த்தீர்கள், சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன் என்று மரியாதையாகவே கேட்டார். இருக்கட்டும் மேடம் என்றார் சிஸ்டர். சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு உதிரம் கொட்டத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றதால் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோக முடிந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்த மாமியார் பிறகு ஒரு கூடை பலாச்சுளையோடு வந்து சிஸ்டரின் காலில் விழப் போனார்.

அதே வருடம் ஒரு விவசாயி மாரடைத்தது போலிருக்கிறது என்று வந்தார். மேடம் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், வாயுப் பிடிப்பு என்றார். சிஸ்டர் அவரையும் போக விடவில்லை. இரண்டு நாள் படுக்கையில் வைத்துக்கொண்டார். அறுத்துப் போட்ட சாமை களத்தில் கிடக்கிறது, மூடி வைக்க ஆளில்லை என்று அவர் கெஞ்சினார். இரண்டாம் நாள் மழை பெய்து சாமை முழுக்க நனைந்து முளைவிட்டுவிட்டது. அவருக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் கழித்து வந்து வாசற்படியில் நின்று, எதற்காக என்னைப் பிடித்து வைத்தீர்கள் என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. சிஸ்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை, பயந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கும். பலாச்சுளை கொண்டுவந்தவருக்கும் டீ குடித்துவிட்டுப் போனவருக்கும் அவர் காட்டிய முகம் ஒன்றேதான்.

அப்படிப்பட்டவர் கிடார் வாங்கப் போகிறார், யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

கல்லூரி விடுதியில் நண்பனுடைய கிடாரில் கொஞ்சம் கற்றுக்கொண்டவன் நான். பொங்கல் விழாவில் இரண்டு பாட்டு வாசித்ததோடு மலையில் எனக்கு வித்துவான் பட்டம் வந்துவிட்டது. கிளாசிக்கல் கிடாரைப் பற்றி எனக்கு உண்மையில் அதிகம் தெரியாது. நைலான் கம்பி, அகலமான கழுத்து, விரலால் மீட்ட வேண்டும், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துகொள்ளலாம் என்று, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று போனில் படித்தேன். மேல்பலகை ஒரே மரமாக இருந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும், ஒட்டுப்பலகை வாங்கவே வாங்காதே என்று ஒருவர் எழுதியிருந்தார். கற்றுக்கொள்பவருக்கு ஒட்டுப்பலகையே போதும், வெயிலும் ஈரமும் தாங்கும் என்று இன்னொருவர். மலிவில் வாங்கினால் சீக்கிரம் வெறுத்துப்போகும் என்று ஒருவர், விலை அதிகமானதை வாங்கினால் பரணில் கிடக்கும்போது வயிறு எரியும் என்று ஒருவர். எல்லோரும் ஒத்துப்போன இடம் ஒன்றுதான். முதலில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள், அவர் கைக்கும் வயதுக்கும் ஏற்றதை எடுங்கள். எனக்குத் தெரியாமலிருந்ததும் அது ஒன்றுதான்.

அமிர்தி வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் மறுபடி கேட்டுப் பார்த்தேன். குழந்தைக்கா, பெரியவருக்கா, அதையாவது சொல்லுங்கள், அளவு மாறும் என்றேன். அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். “கெட்டியா அமுத்தாமயே சத்தம் வர்றதா பாரு, போதும்” என்றார்.

முதல் கடையில் எல்லாமே இரும்புக் கம்பி. அதிலேயே நைலான் மாட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர். அதெல்லாம் சரிப்படாது என்று நான் சிஸ்டரை வெளியே கூட்டிவந்தேன். இரண்டாவது கடையில் தபேலாக்களுக்கும் ஆர்மோனியங்களுக்கும் பின்னால் கிளாசிக்கல் கிடார் மூன்று தொங்கின. முதலாவது பளபளவென்று, ஸ்பீக்கரில் இணைக்க வசதியோடு இருந்தது. இரண்டாவது முழு அளவு, மேல்பலகை ஒரே மரம், எந்தப் பூச்சு வேலையும் இல்லாத சாதாரணத் தோற்றம். மூன்றாவது முக்கால் அளவு, ஒட்டுப்பலகை, பெரிய பிள்ளைகளுக்கென்று செய்தது.

யாருக்கு மேடம் என்று கடைக்காரரும் கேட்டார். வாசிக்கிறவங்களுக்கு என்று சிஸ்டர் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டாவதை எடுத்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முறுக்காணிகளைத் திருகிப் பார்த்தேன். மீட்டினேன். நெஞ்சுக்குள் போய் உட்காரும் ஒலி. விலையும், அவர் மனதில் வைத்திருந்ததற்குள் வந்தது. இதையே எடுக்கலாம் சிஸ்டர், வருடம் போகப் போக மரம் முதிர்ந்து இன்னும் நன்றாகப் பேசும் என்றேன். அவர் தலையாட்டினார். அப்புறம் கிடாரைக் கையில் வாங்கினார். மீட்டவில்லை. இடது கை விரல்களால் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். எடுத்து, விரல் நுனியில் விழுந்த தடத்தைப் பார்த்தார். முக்கால் அளவுக் கிடாரையும் அப்படியே அழுத்திப் பார்த்தார். என்னையும் அழுத்தச் சொன்னார். எந்த விரல் எவ்வளவு மடங்குகிறது, மோதிர விரலுக்கு எது சுலபம், சுண்டு விரலுக்கு எது சுலபம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலி எப்படி என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் முக்கால் அளவுக் கிடாரை எடுத்துக்கொண்டார். அதோடு விடவில்லை. கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் அராவி, கம்பிகளை இன்னும் தாழ்த்திக் கொடுக்கச் சொன்னார். இதற்கு மேல் தாழ்த்தினால் கம்பி கட்டையில் இடித்து ஜிர்ரென்று அதிரும் மேடம் என்றார் கடைக்காரர். அதிரட்டும் என்றார். ஒரு கிடாரை வேண்டுமென்றே கெடுத்து வாங்குகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்காரர் அராவி முடிக்கும்வரை நான் வெளியே போய் நின்றேன்.

கிடார் மருந்து அறையில் குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உறையோடு சாய்ந்து நின்றது. ஆளுக்கொரு கதை கட்டினோம். அண்ணன் பிள்ளைக்கு என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். வயதான காலத்தில் சிஸ்டரம்மாவுக்கே ஆசை வந்துவிட்டது என்றார் வார்டு அக்கா. பிரசவத்துக்கு வருகிறவர்களின் பயம் தெளிய இசை வைக்கப் போகிறார் போலிருக்கிறது என்று மேடம் சொன்னார். முக்கால் அளவு என்பதால் ஏதோ ஒரு குழந்தைக்குத்தான் என்று நான் உறுதியாக இருந்தேன். ஒரு மத்தியானம் சிஸ்டர் வந்து, ஆரம்பத்தில் சொல்லிக்கொடுப்பதை வாசித்துக் காட்டு என்றார். காட்டினேன். அவர் கண் முழுக்க என்னுடைய இடது கையில் இருந்தது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் மாறி மாறி மடங்கும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று ஒன்றைச் செய்து காட்டினேன். “அத்தயே வெச்சிக்கோ” என்றார். எதற்கு வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை ஓ.பி. முடிந்ததும் கிடாரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வழி காட்டினார். ரோடு முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் புளியமரங்களுக்கு நடுவே நடந்து ஒரு வீட்டுக்குப் போனோம். கூப்பிட்டதும் அலமேலு வெளியே வந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

எனக்கு அவளைத் தெரியும். முந்தின பருவத்தில் சாமை அறுக்கும்போது, கதிரைப் பிடித்திருந்த இடது கையின் மூன்று விரல்களில் அறுவாள் ஆழமாக இறங்கிவிட்டது. சிஸ்டர்தான் கட்டுப் போட்டு வேலூருக்கு அனுப்பினார். அங்கே விரலை மடக்கும் நரம்புகளைச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். தையல் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை. மூன்றும் குச்சிபோல நின்றன. மாத்திரைக்கு என் ஜன்னலில் அவள் பலமுறை நின்றிருக்கிறாள். அந்தக் கையை அவள் நீட்டியதே இல்லை என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

சிஸ்டர் அவளை உட்காரச் சொல்லிக் கிடாரை மடியில் வைத்தார். “வெச்சிக்கோ. இவரு சொல்றாப்ல அமுத்து” என்றார். அலமேலு கிடாரைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். அவளுடைய கணவர்தான் குழம்பிப்போய் என்னிடம் வந்தார்.

“இன்னா சார் இது? ஆஸ்பத்திரில ரப்பர் பந்து குட்த்தாங்க, அமுக்குன்னு. பசங்க எட்த்துக்கினு போய் ஆடித் தொலச்சிட்டாங்க. இது எதுக்கு?”

எனக்கே அப்போதுதான் பாதி தெரிந்திருந்தது. விரலுக்குப் பயிற்சி என்று சொல்லிவைத்தேன். அலமேலுவின் ஆள்காட்டி விரல் கம்பிவரை போகவில்லை. சிஸ்டர் தன் விரலை அதன்மேல் வைத்து, நிதானமாக மடக்கிக் கம்பியில் பதித்தார். அலமேலுவின் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. நான் வலது கையால் மீட்டினேன். கட்டையைத் தட்டியது போல் ஒரு சத்தம் வந்தது. கைக்கு ஏற்ற கிடார் என்று எல்லோரும் எழுதியிருந்தார்களே, அந்தக் கை இதுதான் என்று எனக்கு விளங்கியது. கூடவே ஒரு பயமும் வந்தது. இவர் இதைத் தெரிந்து செய்கிறாரா, இல்லை கடிகாரம் மாற்றியது போலவா?

திரும்பி நடக்கும்போது, வேலூரில் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். வேறு எங்காவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். பந்தையே இன்னொன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே இருக்கட்டும்.

மேடத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குக் குரல் உயர்ந்தது.

“யாரக் கேட்டுக் குடுத்தீங்க சிஸ்டர்? தைச்ச நரம்பு உள்ள அறுந்துபோனா மறுபடி சேராது. அந்தப் பொண்ணு கை அவ்ளோதான். நீங்க பதில் சொல்வீங்களா?”

சிஸ்டர் அசையாமல் நின்றார். அன்றைக்கு அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. முகம் வெளிறியிருந்தது. அது தவறு செய்தவரின் முகமா, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவரின் முகமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மேடம் அப்போதே அறுவை சிகிச்சை நடந்த இடத்துக்குப் போன் போட்டார். அங்கே கைப்பயிற்சி கொடுப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தையல் போட்டு இவ்வளவு மாதம் ஆனபிறகு மெதுவாக அழுத்துவதில் ஆபத்து இல்லை, ஆனால் அதனால் மடங்கும் என்று என்னால் சொல்ல முடியாது, கிடாரை யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை என்றாராம். வலித்தால் நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு மேடம் ஒத்துக்கொண்டார். வாரா வாரம் போய்ப் பார்த்துவரும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அலமேலுவுக்கு இசையில் எந்த விருப்பமும் இருக்கவில்லை. அறுத்து அடுக்கும் வேலையைச் செய்வதுபோல, கணக்காக, ஒவ்வொரு விரலாக அழுத்துவாள். கிடார் ஜிர்ஜிர்ரென்று அதிரும். பக்கத்து வீட்டு ஆடுகள் முதலில் மிரண்டன, பிறகு பழகிவிட்டன. அவள் கணவருக்குத்தான் பழகவில்லை. சாயங்காலமானால் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுவார். சில வாரங்களில் ஆள்காட்டி விரல் தானாகக் கம்பியைத் தொட்டது. மோதிர விரல் மிகவும் படுத்தியது. ஒரு நாள் அந்த விரலின் கீழிருந்து சுத்தமான ஒரு சுரம் கிளம்பி, அதிராமல், முற்றத்தைத் தாண்டிப் போனது. நான் ஆ என்று வாயைத் திறந்துவிட்டேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. விரலை எடுத்து மடக்கி, நுனி உள்ளங்கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் சிஸ்டர் பார்த்த அதே பார்வை.

நடு விரல் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. மற்ற இரண்டும் வந்தன. அடுத்த பருவத்துக்கு அவள் இடது கையால் சாமைக் கதிரைக் கொத்தாகப் பிடித்து அறுத்தாள். வேலூரில் காட்டியபோது டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள். கிடாரால்தானா என்று கூடப் போயிருந்த நான் கேட்டேன். இருக்கலாம் என்றார் கைப்பயிற்சி கொடுப்பவர். அது இல்லாமலே வந்திருக்கவும் கூடும், சிலருக்கு வீட்டு வேலை செய்யச் செய்யத் தானாகவே இளகிவிடும், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது அலமேலு தூங்கிவிட்டாள். நான் மலை ஏறும்வரை விழித்துக்கொண்டு, எனக்கு ஏன் இது நிம்மதியாக இல்லை என்று யோசித்தபடி வந்தேன். தெரிந்தே செய்தார் என்றால் அவரைக் கும்பிட வேண்டும். தெரியாமல் செய்தார் என்றால், அலமேலுவின் கையை வைத்து அவர் ஆடியது பெரிய ஆட்டம். இரண்டில் எது என்று தெரிந்தால்தானே ஒருவரை எப்படி நினைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய முடியும்.

சிஸ்டருக்கு மலைக்குக் கீழே மாற்றல் உத்தரவு வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும், அப்படியில்லை என்றும் சொன்னார்கள். அவர் கிளம்பிய அன்று மத்தியான பஸ்ஸுக்கு நாங்கள் எல்லோரும் நிறுத்தத்துக்குப் போனோம். மேடம் ஒரு சால்வை போர்த்தினார். அலமேலு தோளில் கிடாரோடு நடந்து வந்தாள். வலது கையில் ஒரு தூக்குத் தேன்.

“கை வந்துட்ச்சி சிஸ்டரு. இது வேணாம். இந்தச் சத்தமே எனக்குப் புடிக்கல” என்று கிடாரை நீட்டினாள்.

சிஸ்டர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இரண்டையும் வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அலமேலு படிக்கட்டுப் பக்கம் நெருங்கி நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டா? கை ஒடிஞ்சி, வெட்டுப்பட்டு எத்தினியோ பேரு வந்தாங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இத்த வாங்கியாந்து குட்த்தீங்க?”

நான் இருக்கட்டும் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். மேடமும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். சிஸ்டர் ஒரு காலைப் படியில் வைத்தபடி அலமேலுவின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“மத்தவங்கள்லாம் ஊசி போட்டாகூட எதுக்கு எதுக்குன்னு கேட்டாங்க. என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. எனக்கே தெரியாது. நீ ஒருத்திதான் கேக்கல. என்ன நம்பி கைய நீட்டின.”

அவ்வளவு நீளமாக அவர் பேசியதே இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். சிஸ்டர் மேலே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கிடாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை எங்களைப் பார்க்கவில்லை.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நானும் அலமேலுவும் மட்டும் நின்றோம். அவ்வளவு நம்பிக்கை உனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன்.

அலமேலு இடது கையை முந்தானையில் துடைத்தாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்பிக்கையெல்லாம் இல்ல சார். கேட்டா திட்டுவாங்களோன்னு பயந்துக்கினு வாய மூடிக்கினு இருந்தேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இத்த அவங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்றாள்.